சாம்பிராணிப் புகையும் ஆறு சிலந்திகளும்

முதலில் மன்னித்துவிடுங்கள். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவன் நான். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்று இன்றைக்கும் தடுமாறுவேன். கல்லூரியில் படிக்கும் என் மகள், திருத்தித் தருகிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பிழையை மட்டும் திருத்தம்மா, நான் சொன்னதை மாற்றிவிடாதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் வந்து கொஞ்சம் பேசச் சொல்லித் துறையிலிருந்து கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்துவிட்டேன். திரும்பவும் கூப்பிட்டார்கள். அப்போதும் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது, அவ்வளவுதான். ஃபார்மலின் நெடி மூச்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதால், ஓய்வு பெறும் வயது வருவதற்கு முன்பே வேலையை விட்டவன் நான். ஆனாலும் அந்த ஆய்வகத்தின் ஒவ்வொரு மேஜையும் எனக்குத் தெரியும். பேச வராவிட்டாலும் எழுதிக் கொடுக்கலாமே என்று தோன்றியது.

ஜாடியை எப்படிக் கழுவுவது, நுண்ணோக்கியை எப்படித் தூக்குவது, தவளைப் படத்தை எந்த ஆணியில் மாட்டுவது என்பதெல்லாம் உங்களுக்கு ஒரு மாதத்தில் கை பழகிவிடும். அதை நான் எழுதப்போவதில்லை. கை பழகினாலும் பழகாத நேரங்கள் சில வரும். எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். என்ன செய்வது என்று உங்களுக்கும் தெரியாது. அப்படிப்பட்ட நேரங்கள் எனக்கு வந்தது ஒரு பெண்ணின் சிலந்திகளால்தான்.

தமிழரசி என்று பெயர். எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு. அப்பா பணிமனையில் வெல்டர், ஓய்வு பெற அதிக காலம் இல்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்குள் பெண் படிப்பை முடித்து ஒரு வேலைக்குப் போய்விட வேண்டும் என்பது அந்த வீட்டின் எண்ணம். பாடங்களில் கெட்டிக்காரி. ப்ராஜெக்ட் ஒன்றுதான் பாக்கி. அது தேறவில்லை என்றால் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

அவள் எடுத்துக்கொண்டது வாழைத் தோட்டங்களில் இருக்கும் ஒரு சிலந்தி. நீங்களும் பார்த்திருப்பீர்கள். உடம்பில் மஞ்சள் பட்டை போட்டிருக்கும். எட்டுக் காலையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறி போல நீட்டிக்கொண்டு, வலைக்கு நடுவில் தலைகீழாகத் தொங்கும். அந்த வலையில் ஒரு விஷயம் உண்டு. சிலந்தி உட்கார்ந்திருக்கும் இடத்துக்குக் கீழே வலை பெரிதாக இருக்கும், மேலே சின்னதாக இருக்கும். கீழே ஓடிப்போய் இரையைப் பிடிப்பது அதற்குச் சுலபம் என்பார்கள். வலை கட்டிய சட்டத்தையே தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டால் அது என்ன செய்யும்? மறுபடி வலை கட்டும்போது உடனே சரிசெய்துகொள்ளுமா, நாலைந்து வலை கட்டித்தான் சரியாகுமா? அதே சிலந்தியை விடாமல் பார்த்து எழுத வேண்டும். அதுதான் அவளுடைய ப்ராஜெக்ட்.

சிலந்தி பிடிக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். திருவரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையோரம் ஒரு வாழைத் தோட்டம். தோட்டக்காரர் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா, வாழைத்தார் கேட்டா வெட்டித் தர்றேன். சிலந்தியையா கேக்குறீங்க?"

"ஆறு போதுங்க ஐயா."

"ஆறா? மூட்டையா அள்ளிக்கிட்டுப் போங்க. காலையில தண்ணி கட்ட வந்தா மூஞ்சி பூரா வலைதான். ஆமா, இதைப் படிச்சா என்ன வேலை கெடைக்கும்?"

"அதைத்தான் ஐயா எங்கப்பாவும் கேக்குறாரு."

அவர் சிரித்த சிரிப்பில் மண்வெட்டி நழுவியது. போகும்போது ஒரு சீப்புப் பழமும் கொடுத்தார். அந்தப் பழத்தை நாங்கள் சாப்பிடவில்லை. அழுகவிட்டு, அதில் வளர்ந்த ஈக்களைத்தான் சிலந்திகளுக்குப் போட்டோம்.

ஆறு சிலந்திக்கு ஆறு மரச்சட்டம். தமிழரசியின் அப்பா விடுமுறை நாளில் உட்கார்ந்து செய்து கொடுத்தார். இரண்டு பக்கமும் கண்ணாடி, வேண்டும்போது கழற்றி மாட்டலாம். ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு எண். சிலந்தியின் உடம்பில் எந்த அடையாளமும் வைக்கவில்லை. சட்டத்தின் எண்தான் சிலந்தியின் அடையாளம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் புரியும்.

வழிகாட்டி ஒரு பேராசிரியை. பெயரை எழுதமாட்டேன். மேடம் என்றே எழுதுகிறேன். திருவரங்கத்தில் சித்திரை வீதியிலிருந்து வருவார். நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம், கையில் துணிப்பை. கண்டிப்பானவர், ஆனால் மனசு வெண்ணெய். என் மகளைக் கல்லூரியில் சேர்க்க எனக்கு ஒன்றும் புரியாமல் நின்றபோது, அவரே பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பி, அலுவலகம் வரை நடந்து வந்து கொடுத்தார். அதை நான் மறந்ததில்லை.

சிலந்திகள் நன்றாக வலை கட்டின. முதல் திருப்பலில் எல்லாமே கொஞ்சம் குழம்பின. பிறகு ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொள்ளத் தொடங்கின. தமிழரசி முகத்தில் ஒரு வெளிச்சம். அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது.

நம் துறையில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று இந்த வருடம் நீங்களே பார்ப்பீர்கள். தராசு முதல் தண்ணீர்க் குழாய் வரை கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்போம். எலும்புக்கூட்டுக்கும் நெற்றியில் ஒரு பொட்டு உண்டு. அதற்கு முன்னால் ஒட்டடை அடிக்க வேண்டும். எனக்கு இருந்த பயமெல்லாம் அந்த ஒட்டடைக்கம்பின் மேல்தான். யாராவது ஒரு பிள்ளை உற்சாகத்தில் சிலந்திச் சட்டத்தையும் சேர்த்துத் தட்டிவிட்டால்? அதனால் ஜன்னல் ஓர மேஜையைச் சுற்றிச் சணல் கயிறு கட்டினேன். கம்பு யார் கையிலும் கிடைக்காதபடி நானே வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் நானே அடித்தேன். ஒரு வலை அறுபடவில்லை. சரி, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

மேடம் ஒவ்வொரு வருடமும் வீட்டிலிருந்து தூபக்காலும் நல்ல சாம்பிராணியும் கொண்டுவருவார்.

"முருகேசன், நீங்க வாசல்ல பூசணிக்காயை உடைச்சுடுங்க. நான் லேப்ல தூபம் காட்டிண்டு வந்துடறேன்."

நான் வாசலுக்குப் போனேன். உள்ளே பிள்ளைகள், சட்டத்தின் கண்ணாடிகள் மங்கலாக இருக்கின்றன என்று கழற்றித் துடைத்து, ஒவ்வொன்றிலும் பொட்டு வைத்துச் சுவரில் சாய்த்திருக்கிறார்கள். வலையைத் தொடவில்லை. கயிற்றைத் தாண்டும்போதுகூட ஜாக்கிரதையாகத்தான் தாண்டினார்களாம். மேடம் கங்கு நிறைந்த தூபக்காலோடு வந்தார். எல்லா மேஜைக்கும் காட்டியது போலவே ஜன்னல் ஓர மேஜைக்கும் காட்டினார். சிலந்திகளுக்கும் பெருமாள் அனுக்கிரகம் வேண்டாமா என்று சொல்லிக்கொண்டே கொஞ்சம் கூடுதலாகவே காட்டினாராம். அறை முழுக்கப் புகை. கண் எரிகிறது என்று யாரோ மின்விசிறிகளைப் போட்டுவிட்டார்கள். அதன் பிறகு எல்லோரும் பொரி கடலை வாங்க வராந்தாவுக்கு வந்துவிட்டார்கள்.

நான் பூசணிக்காய்த் துண்டுகளை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தேன். தமிழரசியின் குரல் கேட்டது.

"அண்ணே! அண்ணே, ஓடி வாங்கண்ணே!"

உள்ளே போய்ப் பார்த்தால் ஆறு சட்டமும் காலி. வலைகள் ஓரத்தில் கிழிந்து ஆடிக்கொண்டிருந்தன. ஒரு சிலந்தி மட்டும் நடு அறையில் கண்ணுக்குத் தெரியாத நூலில் தொங்கி, விசிறிக் காற்றில் ராட்டினம் போலச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். "தேடுடா", "மேஜைக்கடியில பாரு", "டார்ச் அடி" என்று ஒரே சத்தம்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒன்று காணாமல் போனதும் கை தானாகத் தேடப் பாயும். தேடாமல் நின்றால் நமக்கு அக்கறை இல்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று ஒரு பயமும் சேர்ந்துகொள்ளும். ஆனால் அத்தனை பேர் தேடினால் அத்தனை ஜோடிச் செருப்பு. பயந்த சிலந்தி தரையில்தான் ஓடும்.

"யாரும் காலை எடுத்து வைக்காதீங்க! அப்படியே நில்லுங்க!"

அது என் குரல்தான். ஆய்வகத்தில் நான் சத்தம் போட்டு அதுவரை யாரும் கேட்டதில்லை. எல்லோரும் கல் மாதிரி நின்றுவிட்டார்கள். பின்னாலிருந்து ஒரு பையன் மெதுவாக, "டேய், அண்ணனுக்குச் சாமி வந்துருச்சுடா" என்றான்.

சிரிக்க நேரமில்லை. விசிறியை நிறுத்தினேன். புகை போகட்டும் என்று யாரோ ஜன்னலைத் திறக்கப் போனதைத் தடுத்தேன். புகை போகும் வழியில் சிலந்தியும் போகும். ஒவ்வொருவரையும் காலடியைப் பார்த்துப் பார்த்து வெளியே வரச் சொன்னேன். கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"பூட்டிட்டா எப்படிண்ணே? தேட வேண்டாமா?" தமிழரசிக்கு அழுகை வந்துவிட்டது.

"இப்ப அதுங்க ஒளிஞ்சிருக்கும்மா. சத்தம் அடங்கினா பசிக்கும். பசிச்சா வலை கட்டும். வலை கட்டினா நாம தேட வேண்டியதில்லை."

அது நடக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. நடந்தால் அதுதான் வழி என்று மட்டும் தெரிந்தது. மேடம் தூபக்காலைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். "பெருமாளே, நான் என்ன பண்ணிட்டேன்" என்று அவர் முணுமுணுத்தது எனக்கும் தமிழரசிக்கும் கேட்டது.

மறுநாள் விஜயதசமி, கல்லூரி விடுமுறை. விடிந்ததும் தமிழரசி அப்பாவின் வண்டியில் வந்து இறங்கினாள். அவர் இன்னும் பணிமனைப் பூஜையின் பெருமையில் இருந்தார்.

"நாங்க நேத்து ரயில் பெட்டிக்கே மாலை போட்டுப் பொட்டு வச்சோம். ஒரு பெட்டியும் ஓடிப் போகலையே!"

"அப்பா, சும்மா இருங்கப்பா."

கதவைத் திறந்து மூன்று பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தோம். ஜன்னல் கம்பியில் ஒரு வலை. காலை வெயிலில் பளபளத்தது. மேஜைக்கால்களுக்கு நடுவில் ஒன்று. அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் ஒன்று. நாலாவது, எலும்புக்கூட்டின் விலா எலும்புகளுக்குள். நெஞ்சுக் கூட்டின் நட்டநடுவில், இதயம் இருக்க வேண்டிய இடத்தில், கால்களைப் பெருக்கல் குறியாக நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தமிழரசியின் அப்பா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். மற்ற இரண்டும் கிடைக்கவே இல்லை.

நாலு கிடைத்ததே என்று எனக்கு மகிழ்ச்சி. தமிழரசி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எது எந்தச் சட்டத்துச் சிலந்தின்னு தெரியலையேண்ணே. முதல் சட்டத்துல இருந்தது எத்தனை வலையில சரியாச்சு, அஞ்சாவதுல இருந்தது எத்தனை வலையில சரியாச்சு, எல்லாம் போச்சு. நாலும் ஒண்ணு போலவே இருக்கு."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. சிலந்தி கிடைத்துவிட்டது. அவள் வேலை போய்விட்டது. புதிதாகத் தொடங்கலாம் என்றால் வைவாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. வெளியூர்த் தேர்வாளர் ஒருவர் வந்து எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பதைத்தான் வைவா என்பார்கள். ஒரு சிலந்தி திருப்பிய சட்டத்துக்குப் பழக அவ்வளவு நாள் போதாது.

மூன்று சிலந்திகளைப் பிடித்துச் சட்டங்களில் விட்டோம். எலும்புக்கூட்டில் இருந்ததை எடுக்க அவள் விடவில்லை. "அது பாவம், நல்லா இடம் பிடிச்சிருக்கு. இருக்கட்டும்ணே" என்றாள்.

விடுமுறை முடிந்து மேடம் வந்தார். அவரும் தமிழரசியும் பேசியபோது நான் பக்கத்து மேஜையில் ஜாடிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"பூஜை வரைக்கும் உள்ளதை எழுது. அப்புறம் தொடர முடியலைன்னு போடு."

"ஏன் முடியலைன்னு போடறது மேடம்?"

மேடம் ஜன்னல் பக்கம் பார்த்தார். "மழை ஈரம்னு போடு. மழையும்தான் பேஞ்சுதே. லேப்ல சாம்பிராணி போட்டு எக்ஸ்பெரிமெண்டைக் கலைச்சோம்னு எழுதினா, வர்றவர் என்ன நினைப்பார்? துறையே சிரிப்பாச் சிரிச்சுடும். உனக்கும் மார்க் போயிடும்மா."

அவர் சொன்னது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு நல்லது செய்வதாகவும் நினைத்துத்தான் சொன்னார். தமிழரசி மனசில்லாமல் தலையை ஆட்டினாள். அவர் போனதும் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்கு உங்க படிப்பு பத்தித் தெரியாதும்மா. ஆனா என்னை யாராவது கேட்டா நடந்ததைத்தான் சொல்லுவேன்."

சொல்லிவிட்டேனே தவிர, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அது என்னைக் குத்தியது. திருவானைக்கோயிலில் இறங்க வேண்டியவன், பஸ்ஸில் அம்மா மண்டபம் வரை போய்விட்டேன். இந்தப் பெண்ணிடம் சொன்னதை மேடத்திடம் சொல்லாமல் இருப்பது என்ன நியாயம்? நாளைக்கு என் வாயால் ஒரு வார்த்தை வந்து, அவர் எதிர்பாராமல் தலைகுனிந்து நின்றால் அது முதுகில் குத்துவது அல்லவா?

மறுநாள் அவர் அறை வாசலில் போய் நின்றேன். உள்ளே போகக் கால் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன். மதியம் போனேன். அப்போதும் திரும்பி வந்தேன். சாயங்காலம் அவரே பார்த்துவிட்டார்.

"என்ன முருகேசன், காலையிலேர்ந்து பிரதட்சிணம் பண்றேள்? உள்ள வாங்க."

"மேடம்... அந்தச் சிலந்தி விஷயம். நானா எதுவும் சொல்ல மாட்டேன். ஆனா என்னை யாராவது நேரா கேட்டா, புகைன்னு சொல்லிருவேன் மேடம். பொய் சொல்ல எனக்கு வராது. முன்னாடியே உங்ககிட்ட சொல்லிடணும்னு தோணிச்சு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. "உங்களை யார் கேக்கப் போறா?" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காகிதத்தைத் திருத்தத் தொடங்கினார்.

அவர் சொன்னது சரிதான். ஆய்வக உதவியாளரை யார் கேட்பார்கள்? நானும் அப்படித்தான் நினைத்து நிம்மதியானேன்.

வைவா அன்று தேர்வாளர் வந்தார். நரைத்த தலை, சிரிக்காத முகம். ஆய்வகத்திலேயே மேஜை போட்டிருந்தோம். தமிழரசியின் முறை வந்தபோது நான் தேநீர்த் தட்டோடு உள்ளே போனேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சட்டம் ரெண்டு பக்கமும் கண்ணாடி போட்டு மூடியிருக்குன்னு நீயே எழுதியிருக்க. அப்புறம் மழை ஈரம் உள்ள எப்படிம்மா போச்சு?"

அவள் தன் ஏட்டைப் புரட்டினாள்.

"சரி, போச்சுன்னே வச்சுக்குவோம். பூஜை வரைக்கும் ஆறு சிலந்திக்கும் தனித்தனியா எழுதியிருக்க. அதுக்கப்புறம் ஒண்ணைப் பத்திக்கூட ஏன் எழுதலை?"

அவள் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். மேடம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேர்வாளர் சலிப்போடு எழுந்தார். நடந்து எலும்புக்கூட்டின் பக்கம் போனவர், அங்கேயே நின்றுவிட்டார். குனிந்து விலா எலும்புக்குள் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா, வெளியூர்லேருந்து எக்ஸாமினர் வர்றார்னு தெரியுமில்ல? ஒட்டடைகூட அடிக்க மாட்டீங்களா?"

"அது ஒட்டடை இல்லீங்க சார். இந்தப் பொண்ணு வளர்த்த சிலந்தி."

"சட்டத்துல இருக்க வேண்டியது எலும்புக்கூட்டுக்குள்ள எப்படி வந்துச்சு?"

கேட்டேவிட்டார். என் கையில் தட்டு. மேஜை வரை போய் அதை வைத்தேன். ஒவ்வொரு கோப்பையாக எடுத்து மேஜையில் வைத்தேன். அவசரப்படவில்லை. பயத்தில் தயங்குகிறான் என்று நினைத்திருப்பார்கள். பயம் இருந்ததும் உண்மைதான். ஆனால் நான் மெதுவாக வைத்ததற்குக் காரணம் வேறு. அந்தக் கேள்விக்கு உரிய வாய் என்னுடையது அல்ல. அதற்கு உரியவர் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தார். நான் முந்திக்கொண்டு சொன்னால், அவர் மாட்டிக்கொண்டவர் ஆகிவிடுவார். அவரே சொன்னால் சொன்னவர் ஆவார். அதற்குக் கோப்பைகளை வைத்து முடிக்கும் நேரம் கொடுக்கலாம். கடைசிக் கோப்பையை வைத்த பிறகும் அவர் பேசாவிட்டால் நான் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன்.

தம்பிகளே, இந்த வேலையில் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஆசிரியர்களின் தவறு உங்கள் கண்ணில் படும், மாணவர்களின் தவறும் படும். யாரும் கவனிக்காத மூலையில் நிற்பவர்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததை உடனே சொல்லத் துடிக்கவும் வேண்டாம். விழுங்கிவிடவும் வேண்டாம். சொல்ல வேண்டியவருக்குக் கொஞ்சம் இடம் விட்டு நில்லுங்கள். அந்த இடம் முடிந்த பிறகு நம் முறை.

மூன்றாவது கோப்பை கையில் இருந்தது.

"புகை போட்டது நான் சார்" என்றார் மேடம். "ஆயுத பூஜைக்குச் சாம்பிராணி. சிலந்தி எல்லாம் ஓடிப்போயிடுத்து. ஈரம்னு எழுதச் சொன்னதும் நான்தான். அவ வேண்டாம்னுதான் இருந்தா."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தமிழரசியைப் பார்த்தார்.

"புகை பட்டதும் என்னம்மா பண்ணிச்சு?"

அவள் தலை நிமிர்ந்தது.

"நான் உள்ள வந்தப்ப ஒண்ணுதான் சார் கண்ணுல பட்டுச்சு. வலையை விட்டுட்டு நூலை மட்டும் பிடிச்சுக்கிட்டுத் தொங்கிச்சு. மத்ததும் அப்படித்தான் எறங்கியிருக்கணும், ஆனா நான் பார்க்கலை. ஆறுல நாலு கிடைச்சுது. எது எதுன்னு தெரியாததால பூஜைக்கு அப்புறம் உள்ளதைச் சேர்த்துக்க முடியாது சார். சேர்த்தா தப்பு. அடையாளம் சட்டத்துல வச்சிருந்தேன். சிலந்தி மேல வச்சிருக்கணும். அது நான் விட்ட பிழை."

"அந்த விலா எலும்புல இருக்கிறது?"

"அதுலயும் கீழதான் சார் பெருசு. தினம் பார்த்துக்கிட்டிருக்கேன்."

அவர் திரும்பவும் எலும்புக்கூட்டின் பக்கம் போய்க் குனிந்தார். இந்த முறை அதிக நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோதும் முகத்தில் சிரிப்பு இல்லை.

"தேறிட்ட. பூஜை வரைக்கும் உள்ள வேலைக்கு மட்டும்தான் மார்க். அதுக்கப்புறம் உள்ளதுக்கு ஒண்ணும் கிடையாது, குறையத்தான் செய்யும். அந்தப் பக்கத்தை எடுத்துப் போட்டுட்டு, இப்ப சொன்னதை அப்படியே எழுதிக் கொண்டா. படிச்சுப் பார்த்துட்டுத்தான் கையெழுத்து போடுவேன்." பிறகு மேடத்தைப் பார்த்து, "நீங்களும் கீழ கையெழுத்துப் போடணும்" என்றார்.

"போடறேன்" என்றார் மேடம். தன் பேனாவை மூடி கழற்றித் தமிழரசியிடம் நீட்டினார்.

என்னிடம் அவர் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. நான் காலிக் கோப்பைகளை எடுக்கப் போனபோது, தட்டில் அவரே இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்தார். அதற்கு முன் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் தமிழரசியின் அப்பா வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். பணிமனை உடுப்பை மாற்றாமலே வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"என்னங்க ஆச்சு? தேறிட்டாளா?"

"தேறிட்டாங்க. மார்க் கொஞ்சம் குறையும்."

"குறைஞ்சா குறையட்டும்." முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். "அப்புறம் ஏன் இன்னும் வரல? உள்ள என்ன பண்றா?"

"எழுதிக்கிட்டிருக்காங்க."

"பரீட்சைதான் முடிஞ்சு போச்சே. இன்னும் என்னத்தை எழுதுறா?"

"நடந்ததை" என்றேன்.

அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு மர நிழலில் எனக்கும் இடம் விட்டு உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

எழுதி முடித்தது: திருவானைக்கோயில், ஆவணி மாதம், இரண்டாவது சனிக்கிழமை.